லிஃப்டுக்குள் பேசியவர்

"ஏன்டி, உன் போனுக்கு என்ன காய்ச்சலா? நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுத் தொட்டுப் பாக்குற?" என்று அக்கா கேட்டாள்.

தங்கை போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கவிழ்த்து வைத்த போனின் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் அனுப்பிய செய்திக்குச் சாயங்காலம் ஆகியும் பதில் இல்லை. படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலத்தில் இரண்டு கோடு மட்டும் விழுந்திருந்தது. அந்தக் கோடு இல்லாத காலத்தில் மனுஷர்கள் எவ்வளவு நிம்மதியாக ஆசைப்பட்டிருப்பார்கள்! கடுதாசி வழியில் தொலைந்திருக்கும் என்றாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

அவளை அலுவலகத்தில் எல்லோரும் மணிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. ஊரில் எங்கே லிஃப்ட் நின்றுபோனாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அது அவள் மேஜையில் வந்துதான் அலறும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் அவள் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதற்கு லேசான வேலைதான். பூட்டிய பெட்டிக்குள் நின்றுகொண்டு ஒருத்தர் அழுவார், ஒருத்தர் அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார், ஒருத்தர் கடவுளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம் சொல்லுவார். அத்தனை பேருக்கும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மேஜைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. மெக்கானிக் கிளம்பாமல் 'கிளம்பிட்டார்' என்று சொல்லக் கூடாது. எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று முதலில் கேட்டுக்கொள்வதோடு சரி. அதற்கு மேல் கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. பதறிக்கொண்டிருப்பவரைப் பதில் தேட வைப்பது பாவம். எல்லாவற்றையும்விட முக்கியம், லைனைச் சத்தமில்லாமல் விட்டுவிடக் கூடாது. சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'நான் இருக்கேங்க' என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடைபட்டுக் கிடப்பவரை இருட்டுகூட அவ்வளவு பயமுறுத்தாது. மறுமுனையில் ஆள் இருக்கிறதோ இல்லையோ என்கிற சந்தேகம்தான் ஆளைக் கொன்றுவிடும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி இது அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

சோபாக்காரர் வந்து சேர்ந்ததும் அந்த மேஜை வழியாகத்தான். பழைய சோபா, நாற்காலிகளைப் பிரித்துப் புது மெத்தையும் துணியும் போட்டுத் தருகிற தொழில் அவருக்கு. ஒரு மத்தியானம், சாமான் ஏற்றுகிற லிஃப்டில் பெரிய சோபா ஒன்றோடு ஏறியவர் நடுவழியில் நின்றுபோனார். மணி அடித்தது. "பதட்டப்படாதீங்க சார், உள்ள காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும்," என்று இவள் ஆரம்பித்தாள்.

"எனக்கென்னங்க பதட்டம்? ஊர்ல எல்லாரும் லிஃப்டுல நின்னுக்கிட்டு மாட்டுவாங்க. நான் சோபாவோட மாட்டியிருக்கேன். காலை நீட்டி உக்காந்தாச்சு. ஒரு காபி மட்டும் அனுப்பி வைங்க, நான் வீட்டுக்கே போகல."

அவள் சிரித்துவிட்டாள். அந்த மேஜையில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கென்று மெக்கானிக் வேறொரு இடத்தில் சிக்கிக்கொண்டார். ரொம்ப நேரம் ஆயிற்று. இவள் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த மூச்சில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை. இவள் சற்றே நிறுத்தினால், "இருக்கீங்களா?" என்பார். ஸ்பிரிங் தளர்ந்தால் அது எப்படி முனகும், யார் வீட்டு சோபாவைப் பிரித்தாலும் உள்ளே ஒரு சீப்பு எப்படி இருந்தே தீரும் என்றெல்லாம் சொன்னார். தன் கதையையும் சொன்னார்.

"கல்யாணமா? ஒரு இடம் வந்துச்சுங்க. யோசிச்சுச் சொல்றேன்னேன். நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணோட பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டான்."

அதை அவள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். மனுஷர் என்னவோ உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் அலுவலகத்துக்கே வந்தார். கையில் ஒரு மெத்தை. அவள் நாற்காலிக்கென்று தைத்தது. "நாள் பூரா உக்காந்து பேசற ஆளு. முதுகு முக்கியம் இல்லீங்களா?" என்றார். போன் நம்பர் கேட்டார். ஒரு தடவை கல்யாணமாகி, அது கோர்ட்டில் முடிந்து, இனி நமக்கு எதற்கு இதெல்லாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்தவள் அவள். கட்டின மூட்டை அந்த மெத்தையில் உட்கார்ந்ததும் அவிழ்ந்துகொண்டது.

பார்க்கிறபோதெல்லாம் நன்றாகத்தான் இருந்தார். எப்போதாவது பூங்காவில், எப்போதாவது காபிக் கடையில் பார்த்துக்கொள்வார்கள். பார்த்தால் முகம் மலர்ந்துபோகும், நேரம் போவதே தெரியாது. பிரிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் தொல்லை. இவள் ஒரு செய்தி போடுவாள். அது கிணற்றில் போட்ட கல். மறுநாளோ அதற்கும் மறுநாளோ மேலே மிதந்து வரும்: 'ஆமாங்க.' எதற்கு ஆமாம் என்று இவள் மேலே தள்ளித் தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த இடைவெளியை எப்படிக் கழிப்பது என்று அவள் செய்யாத வித்தையில்லை. போனை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். சத்தத்தை அணைத்தாள், அப்புறம் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு சத்தம் வைத்தாள். அந்தச் சத்தத்தையே அக்கா பெண் தன் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ள, அந்த வீட்டில் அவளுக்கு நாளுக்குப் பத்துத் தரம் நெஞ்சு எகிறி விழுந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தாள், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். "அந்த மனுஷன் இன்னும் ரெண்டு மாசம் இப்படியே இழுத்தார்னா நம்ம வீடு கண்ணாடி மாதிரி ஆயிடும்," என்றார் அக்கா புருஷன்.

அலுவலகத்தில் மெக்கானிக் அண்ணன் ஒரு வைத்தியம் சொன்னார். "நீயும் லேட்டா போடு தங்கச்சி. அவன் ஒரு நாள் விட்டா நீ ரெண்டு நாள் விடு. தானா வழிக்கு வருவான்."

"அவர் பதில் போடவே ரெண்டு நாள் ஆகும்ணே. நான் லேட்டா போட்டது அவருக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, "கஷ்டமான கேஸு," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அலுப்பு என்பது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கோபம்தான் வரும், கூடவே அழுகையும் வரும். அதெல்லாம்கூடத் தெம்பு இருக்கிறவரைக்கும்தான். அவளுக்கு அதெல்லாம் தாண்டிப்போய்விட்டது. போன் மினுக்கினால் பார்ப்பாள், பேங்க்காரன் செய்தியாக இருக்கும், வைத்துவிடுவாள். தூக்கம் சரியாக இல்லை. காலையில் எழும்போதே முந்தின நாள் முழுக்க மூட்டை தூக்கின மாதிரி தோள் வலிக்கும்.

இந்த நிலைமையில்தான் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். கம்பெனி எல்லா ஊர் மணிகளையும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்போகிறது. அது ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். இந்த ஊரில் மேஜை இருக்காது. அங்கே வருகிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்களுக்கு இல்லை.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லும்மா. உன்னை விட எனக்கு மனசில்ல. ஆனா கையில பிடிச்சும் இழுக்க முடியாது."

போனால் வேலை இருக்கும். அக்கா, பிள்ளைகள், சோபாக்காரர், எல்லாம் தூரமாகிவிடும். போகாவிட்டால் இந்த வயசில் வேறு வேலை தேடுவது லேசில்லை. ஆனால் அவர் 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடலாம் என்று அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. வேலை போனால் போகிறது, வேறு எதையாவது பார்த்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை போதும்.

"அவர்கிட்ட கேட்டியா?" என்றாள் அக்கா.

"எழுதியிருக்கேன்."

"காட்டு."

காட்டினாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'எங்க ஆபீஸ வேற ஊருக்கு மாத்தறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். இன்னைக்கு இங்க நல்ல மழை. நான் வீட்டுக்கு வந்துட்டேன்.' அக்கா விரலால் தள்ளித் தள்ளி முந்தின செய்திகளையும் பார்த்தாள். 'ஆபீஸ் வந்துட்டேன்.' 'இப்பதான் சாப்பிட்டேன்.' 'நான் இருக்கேன், நிதானமா வேலைய முடிங்க.'

"ஏன்டி, இதுல எதுக்குடி அவர் பதில் சொல்லணும்? ஒரு கேள்வி இருக்கா பாரு. ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி இருக்கு. வண்டி வந்துடுச்சு, வண்டி போயிடுச்சு. அதுக்கு எவனாவது ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பதில் சொல்லுவானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்காக அவள் அவரை லிஃப்டில் மாட்டிக்கொண்டவரைப் போலவே நடத்தியிருக்கிறாள். கேள்வி கேட்டுக் குடையாமல், அவசரப்படுத்தாமல், கொஞ்சத்துக்கொரு தரம் 'நான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு. அவரோ அன்றைக்கே கதவு திறந்து வெளியே போய்விட்டவர். அடைபட்டுக் கிடந்தது யார் என்று அவள் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

"கேளு. நேரா கேளு. இப்பவே, என் எதிர்ல," என்றாள் அக்கா.

எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். 'நான் போகட்டுமா, இருக்கட்டுமா? உங்களுக்கு எது வேணும்?' அனுப்பினாள். நீலக் கோடு உடனே விழுந்தது. அக்காவும் தங்கையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. 'சாப்பிட்டாச்சா?'

"நல்லா வாயில வருது எனக்கு," என்றாள் அக்கா. "நீ நாளைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு நேர்லயே போயிடு."

வெள்ளிக்கிழமை மதியம் அவள் அவருடைய பட்டறைக்குப் போனாள். உள்ளே போவது அதுதான் முதல் தடவை. நீளமான கூடம், கைப்பிடி போனதும் வயிறு கிழிந்து பஞ்சு தள்ளியதுமாக நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. நடுவே அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, வாய் நிறையக் குட்டி ஆணிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கருகே குடையை ஊன்றிக்கொண்டு ஒரு வயசான டீச்சரம்மா நின்றிருந்தார்.

"என் நாற்காலியக் குடுக்கும்போது நான் ரிட்டயர் ஆகல. இப்ப பென்ஷன் வாங்கறேன். நான் போய்ச் சேர்ந்தப்புறம் எடுத்துட்டு வருவியா?"

அவர் ஆணி வாயோடு சிரித்து, 'அடுத்த வாரம்' என்று கையால் ஜாடை காட்டினார்.

"எந்த வாரத்துக்கு அடுத்த வாரம்னும் சொல்லு," என்றுவிட்டு டீச்சரம்மா கிளம்பினார். போகிற போக்கில் இவளைப் பார்த்து, "நீ என்ன குடுத்திருக்க, சோபாவா? பாவம்," என்றார். திட்டிய குரலில் பாதி செல்லம். சோபாக்காரர்மேல் யாருக்கும் முழுக் கோபம் வருவதில்லை, அதுதான் சங்கடம்.

இவளைப் பார்த்ததும் அவர் ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு எழுந்தார். முகம் பூவாக விரிந்தது. "வாங்க வாங்க! சொல்லியிருந்தா இடத்தக் கூட்டி வச்சிருப்பேனே!" துண்டால் ஒரு சோபாவைத் தட்டினார். தூசி எழும்பியதில் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது.

அவருடைய போன் பலகையில், பசை டப்பாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் கிடந்தது. "தினமும் கடைய மூடறப்ப உங்க மெசேஜெல்லாம் ஒண்ணு விடாம படிப்பேங்க. பேப்பர் படிக்கிற மாதிரி. நீங்க இருக்கேன் இருக்கேன்னு போடுவீங்கல்ல, அதப் பாத்துட்டுப் படுத்தா அப்படி ஒரு தூக்கம் வரும்."

பொய்யில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இவளுடைய தூக்கத்தையும் சேர்த்து அவரே தூங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கோபப்படலாம் என்று பார்த்தாள். உடம்பில் அதற்குச் சக்தியில்லை.

"நான் கேட்டதப் பாத்தீங்களா? போகட்டுமா, இருக்கட்டுமா?"

அவர் கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தார். "அது பெரிய விஷயமில்லீங்களா... யோசிச்சுட்டேதான் இருக்கேன்."

"அஞ்சு மணிக்குள்ள நான் ஆபீஸ்ல சொல்லணும்."

"நாலு மணிக்கே சொல்லிடறேன். கை வேலையா இருந்தா எனக்கு யோசனை நல்லா ஓடும். நீங்க உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். அவர் திரும்பவும் ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார். டொக், டொக் என்று சுத்தி தட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. சோபா அவர் கையால் செய்தது. ஆளை அப்படியே உள்வாங்கிக்கொண்டது. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று சாய்ந்தாள். எத்தனையோ நாளில் அவள் போனைப் பார்க்காமல் இருந்த முதல் பொழுது அது. பதில் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே இருக்கிறார், இனி பார்க்க என்ன இருக்கிறது? கண்ணை மூடினாள்.

விழித்தபோது தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள்மேல் ஒரு புதுத் துணி போர்த்தியிருந்தது. மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். சுத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "மணி என்ன?"

"ஆறு தாண்டிடுச்சுங்க. நல்லா தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல."

"அஞ்சு மணின்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்ப எழுப்பியிருக்கணும்ல?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். சாக்குச் சொல்ல இப்போது வாயில் ஆணிகூட இல்லை. "எழுப்பினா போறேன்னு சொல்லிடுவீங்களோன்னு இருந்துச்சு."

"அப்ப இருன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தாங்க நெனச்சேன்."

"நீங்க நெனச்சது எனக்கு எப்படிங்க கேக்கும்?"

அவள் குரல் உயரவில்லை. மேஜையில் பேசுகிற அதே குரல்தான். அவருக்கு ஆசை இருக்கிறது. அவள் நினைத்ததைவிட நிறையவே இருக்கிறது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்; மணி தாண்டுகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து, விசிறியைத் திருப்பி வைத்து, பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே அவளுடைய ஒவ்வொரு ஐந்து மணியும் அவர் யோசித்து முடிப்பதற்குள் தாண்டிப்போகும். ஒருநாள் கேட்டால், எழுப்ப மனசு வரல என்பார். அதுவும் அன்போடுதான் சொல்லுவார்.

அவள் போனை எடுத்தாள். அலுவலகத்திலிருந்து நான்கைந்து தரம் கூப்பிட்டிருந்தார்கள். சூப்பர்வைசருக்குப் போட்டாள்.

"என்ன மணிக்காரி, நீயே லைன்ல வரலைன்னா நான் யார்கிட்ட கேக்கறது? கதவச் சாத்தப் போறேன். சீக்கிரம் சொல்லு."

சோபாக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. அவள் காத்திருந்தாள், அவ்வளவு நாள் காத்திருந்தவளுக்கு இன்னும் நாலு மூச்சு பெரிய விஷயமில்லை. உதடு மூடிக்கொண்டது.

"போறேன் சார். என் பேரப் போட்டுக்கோங்க."

போனை வைத்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தோளிலிருந்து எதையோ கீழே இறக்கி வைத்தது மாதிரி, அந்த இடம் மட்டும் விண்ணென்று வலித்தது.

"நீங்க அங்க போனதும்... நான் மெசேஜ் போடறேங்க," என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்டுக்குள்ளிருந்து அவர் காபி கேட்ட அன்றைக்குச் சிரித்த மாதிரியே, அடக்க முடியாமல் சிரித்தாள். எதற்கென்று முழுசாகப் புரியாமல் அவரும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி செருப்பைத் தேடினாள்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். அவர் நாற்காலி முன்னால் மண்டி போட்டபடி, துணியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறுகையால் சுத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க மறுபக்கம் சுருங்கிக்கொண்டது. டீச்சரம்மாவுடைய நாற்காலியாகத்தான் இருக்க வேண்டும்.

"தள்ளுங்க," என்று பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க... அப்படியே... விட்டுடாதீங்க."

"விடல. நீங்க அடிங்க."

அந்தப் பக்கம் முழுக்க அடித்து முடிக்கிறவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆணி இறங்கியதும் துணியைத் தடவிப் பார்த்தாள், சுருக்கமே இல்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தும், வேகமாக நடந்தாள்.